மாமனார் தங்கிய டிவி

போன வாரம் எங்கள் பழைய சர்வீஸ் கடைப் பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். யாரோ ஒரு வாடிக்கையாளரின் டிவி. திரையின் அடியில் செய்திச் சேனலின் பட்டை நிழலாக நின்றுகொண்டிருந்தது. "ஸ்டெல்லா அக்கா, இது போகுமா போகாதா?" என்று ஒருவன் கேட்டிருந்தான். நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பதில் எழுதுவதற்குள் இன்னொருவன், பற்பசை போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று ஏதோ வீடியோவில் பார்த்ததாக எழுதினான். மூன்றாமவன் அதற்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் ஓய்வு பெற்று ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. அதற்குள் பற்பசைக்கு வந்துவிட்டார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திரையில் படம் நிற்பது இரண்டு வகை. ஒன்று, தங்குவது. ஒரே படம் நெடுநேரம் ஓடினால் அதன் நிழல் கொஞ்சம் நின்றுவிட்டுப் பிறகு தானாகப் போய்விடும். காப்பி குடித்துவிட்டுக் கிளம்பும் விருந்தாளி மாதிரி. இன்னொன்று, பதிவது. வேலை கிடைக்கும்வரை இருக்கிறேன் அண்ணி என்று பையோடு வந்து இறங்கும் கொழுந்தன் மாதிரி. வாசலில் நிற்கும்போது இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் சிரிப்பார்கள். எது எது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. இரண்டு பேருக்குமே பற்பசை தேவையில்லை.

நான் பிறந்தது பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில். பள்ளி முடிந்ததும் ஷா ஆலாமில் டிவி செய்யும் தொழிற்சாலைக்குப் போனேன். முன்னால் கண்ணாடியும் பின்னால் கூனும் இருந்த பெட்டி டிவிகளின் காலம் அது. அந்தக் கூனுக்குள் என்ன இருக்கிறது என்பதை அங்கேதான் படித்தேன். தொழிற்சாலையை மூடியதும் கோல சிலாங்கூரில் ஒரு சர்வீஸ் கடையில் சேர்ந்தேன். அதன் பிறகு டிவி ஒல்லியாகிக்கொண்டே வந்தது, நான் அப்படி ஆகவில்லை. படிப்பைப் பற்றி இவ்வளவு போதும்.

வீடுகளுக்குப் போகும்போது வாசலில் நின்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். "டெக்னிஷன் எங்கம்மா, காடியிலயே உக்காந்துட்டாரா?" என்று கேட்பார்கள். காடி என்றால் எங்கள் ஊரில் கார். நான் கருவிப் பையைக் கூடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். ஆரம்பத்தில் கோபம் வந்தது. பிறகு அந்த நேரத்தில் கிடைக்கும் காப்பிக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

கடை முதலாளி லியோங். முதலாளியைத் தவுக்கே என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம். அவருடைய அப்பா தோட்டத்தில் சாமான் கடை வைத்திருந்தவர், அதனால் தவுக்கேவுக்குத் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. மரியாதை மட்டும் இடம் மாறிவிடும். மனிதர்களை 'நீ' என்பார், டிவியை 'அவரு' என்பார். "நீ சும்மா இரு, அவருக்கு என்னா உடம்புன்னு பாப்போம்" என்று பள்ளித் தலைமையாசிரியரிடமே சொல்லியிருக்கிறார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கெட்டுப்போச்சு என்ற சொல் அவர் வாயில் வராது. எல்லா டிவிக்கும் அவர் சொல்லும் நோய் ஒன்றுதான், களைப்பு.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் ஸ்குரூடிரைவரைத் தொடமாட்டார். டிவியின் முதுகில் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு வீட்டுக்காரர்களைப் பார்த்து, "தெனமும் யாரு எங்க உக்காருவீங்களோ, அப்படியே உக்காரு" என்பார். குடும்பம் முழுக்கத் தத்தம் இடத்தில் உட்கார வேண்டும். அவர்கள் பார்க்கும் நிகழ்ச்சியை அவரும் கூட உட்கார்ந்து பார்ப்பார், கொடுத்ததையெல்லாம் சாப்பிடுவார். எனக்கு முதலில் இது சாப்பாட்டுக்கான வழி என்றுதான் தோன்றியது. ஒரு வீட்டில் டிவியின் நிறம் வெளுத்துவிட்டது என்று ஒருவர் சண்டை பிடித்தார். தவுக்கே அவரை ஓரத்துச் சாய்வு நாற்காலியிலிருந்து எழுப்பி நடுவில் உட்கார வைத்ததும் நிறம் திரும்பி வந்துவிட்டது. அன்றிலிருந்து நானும் அப்படியே செய்தேன்.

படம் நிற்கிறது என்று புகார் வந்தால் அவர் வைத்த முறை ஒன்று உண்டு, அதில் ஒரு படியும் தாண்டக்கூடாது. காய்ந்த துணியால் திரையைத் துடைக்க வேண்டும், ஏனென்றால் பாதி நிழல் எண்ணெய்க் கையால் வந்தது. திரைச்சீலையை இழுத்து அறையை இருட்டாக்க வேண்டும். பென்டிரைவில் இருக்கும் வெற்று நிறங்களை ஒவ்வொன்றாகத் திரை முழுக்கக் காட்ட வேண்டும், சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கடைசியில் சாம்பல். நிழல் மற்ற நிறங்களில் ஒளிந்துகொள்ளும், சாம்பலில் மாட்டிக்கொள்ளும். அப்போது நேர் எதிரில் நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுக்க வேண்டும். இதை 'முன் படம்' என்போம். பிறகு டிவிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி சாம்பல், மறுபடி ஒரு படம். அது 'பின் படம்'. இரண்டையும் ஒப்பிட்டால் வந்திருப்பது விருந்தாளியா கொழுந்தனா என்று தெரிந்துவிடும்.

இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் எடைமேடையில் காவலாளி பார்க்கும் திரை ஒன்று இருந்தது. மேடையில் எப்போதும் லோரி நின்று நின்று, அந்த லோரியின் நிழல் திரையில் பதிந்துவிட்டது. புதிதாக வந்த காவலாளிக்கு இது தெரியாது. "கிராணி, ஒரு லோரி வந்து நிக்குது, டிரைவரு எறங்கவே மாட்டேங்கிறான்" என்று ஆபீஸ் குமாஸ்தாவுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்கப் போகும் வழியில் ஒரு சாப்பாட்டுக் கடை டிவியில் பழைய கால்பந்து ஆட்டத்தின் ஸ்கோர் மூலையில் பதிந்திருந்தது. எந்த ஆட்டம் ஓடினாலும் கடைக்காரரின் அணி இரண்டு கோல் முன்னால் இருக்கும். மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன், வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார்.

ஆனால் பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது பாக்கியம் அக்கா வீட்டுக் கதையைத்தான். என் வேலையில் எனக்கு வந்த கஷ்டமான கேஸ் அதுதான்.

பாக்கியம் அக்கா வீடு பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனை ஒட்டிய தாமானில். தாமான் என்றால் வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பு. அவருடைய கணவர் ஆறுமுகம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். மகன் குமரேசன் ஆலையில் வேலை செய்தான். மருமகள் சுமதி கெர்லிங்கிலிருந்து வாழ வந்தவள். ஆறுமுகம் இறந்து இரண்டு மாதம் கழித்து சுமதிதான் கடைக்குப் போன் செய்தாள்.

"டிவில மாமா இருக்காருக்கா" என்றாள்.

"எந்தச் சேனல்ல?" என்று கேட்டேன்.

"எல்லாச் சேனல்லயும்."

நான் தவுக்கேவைப் பார்த்தேன். அவர் காடிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

போய்ப் பார்த்தோம். பெரிய ஓலெட் டிவி, புதுசு. செய்தி ஓடிக்கொண்டிருந்தது. செய்தி வாசித்த பெண் அழகான நீலப் புடவை கட்டியிருந்தாள், முறுக்கிவிட்ட கறுப்பு மீசையும் வைத்திருந்தாள். அமைச்சர் ஒருவர் வந்தார், அவருக்கும் அதே மீசை. விளம்பரத்தில் ஒரு குழந்தை பால் குடித்தது. அதற்கும் மீசை இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீடு என்பதால் இருமலாக மாற்றிக்கொண்டேன்.

எப்படி நடந்தது என்று குமரேசன் சொன்னான். சாவு வீட்டில் இறந்தவர் படத்துக்கு மாலை போட்டு, முன்னால் விளக்கேற்றி வைப்பார்கள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அந்த விளக்கு அணையக்கூடாது. ஆறுமுகத்துக்குப் படம் எடுத்துக்கொள்வதே பிடிக்காது. கல்யாணப் படத்தைக் கரையான் தின்றுவிட்டது. கடைசியில் ஒரு கல்யாண வீட்டில் கைப்பேசியில் எடுத்த ஒரே ஒரு படம்தான் அகப்பட்டது. ஸ்டுடியோவில் பெரிதாக்கித் தர நாள் ஆகும் என்றார்கள்.

"ஸ்டுடியோவுல போட்டா ரெண்டடிதாங்க்கா வரும். நம்ம டிவில போட்டா அப்பா ஆளுயரம் வருவாரேன்னு போட்டேன்" என்றான் குமரேசன்.

டிவிக்கு மாலை போட்டிருக்கிறார்கள். கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்திருக்கிறார்கள். விளக்கு அணையக்கூடாது என்றால் படம் மட்டும் அணையலாமா என்று யாரோ ஒரு பெரியவர் கேட்டாராம். அதன் பிறகு டிவியை அணைக்க யாருக்குத் துணிவு வரும். டிவி பாவம், தன்னால் முடிந்ததைச் செய்து பார்த்திருக்கிறது. தானாக அணைய முயன்றது, குமரேசன் அந்த அமைப்பை நிறுத்தினான். தானாக வெளிச்சத்தைக் குறைத்தது, அப்பா மங்கக்கூடாது என்று உச்சத்துக்கு ஏற்றிவிட்டான். பதினாறு நாளும் இரவு பகல் இடைவிடாமல் ஆறுமுகம் முழு வெளிச்சத்தில் நின்றார். ஆயுசு முழுக்க லோரி ஓட்டியபோதுகூட அவர் அப்படி ஓவர்டைம் பார்த்திருக்கமாட்டார்.

இந்த வகை டிவியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும் ஒரு குட்டி விளக்கு. அதிகம் எரிந்த புள்ளி சீக்கிரம் களைத்து மங்கிப்போகும். படத்தில் ஆறுமுகத்துக்கு நரைத்த தலை, நரைத்த மீசை, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. வெள்ளையாக இருந்த இடமெல்லாம் களைத்துக் கறுத்துவிட்டது. கறுத்த முகம் களைக்காமல் தெளிந்து நின்றது. நிழலில் இருந்த ஆறுமுகம் கறுப்பு முடியும் கறுப்பு மீசையுமாக, முன்னைவிட நல்ல நிறமாக இருந்தார்.

தவுக்கே டிவியின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். "இவருக்கு ரொம்பக் களைப்பு" என்றார். பிறகு வழக்கம்போல், "தெனமும் எப்படியோ, அப்படியே உக்காரு" என்றார்.

பாக்கியம் அக்கா டிவிக்கு நேர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தார். குமரேசன் தரையில் உட்கார்ந்தான். சுமதி அடுப்படி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீயும் உக்காரு" என்றார் தவுக்கே.

"தெனமும் நான் இப்படித்தான் தவுக்கே. மாமா முன்னாடி நான் ஒரு நாளும் உக்காந்ததில்ல. இப்ப மட்டும் எப்படி உக்காருறது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கணவனின் அப்பா இருக்கும் இடத்தில் மருமகள் நாற்காலியில் உட்காருவதில்லை என்பது அந்த வீட்டு வழக்கம். அவர் உயிரோடு இருந்தபோது காலையில் லோரியோடு போய்விடுவார், மாலையில்தான் வருவார். இப்போது எங்கேயும் போவதில்லை. டிவியைப் போட்ட உடனே வந்துவிடுகிறார்.

"நின்னுக்கிட்டே சீரியல் பாத்துப் பாத்துக் காலு வீங்கிப்போச்சுக்கா" என்று சுமதி என்னிடம் முறையிட்டாள். "அதுகூடப் பரவால்ல. அவரு நெத்தியப் பாருங்க. என்னமோ நான் தப்புப் பண்ணுன மாதிரி மொறைக்கிறாரு. உசுரோட இருந்தப்ப என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல."

அது திருநீற்றுப் பட்டை. மூன்று வெள்ளைக் கோடும் கறுத்துப்போய், கோபத்தில் நெற்றியைச் சுருக்கியது போல் தெரிந்தது. நான் விளக்கிச் சொன்னேன். அவள் தலையாட்டினாள், ஆனால் உட்காரவில்லை.

"இந்த டிவி சரியாகணும், இல்ல வெளிய போகணும். ரெண்டும் இல்லன்னா நான் கெர்லிங்குக்குப் போறேன்" என்றாள்.

"டிவி போனா நானும் கெளம்பிருவேன்" என்றார் பாக்கியம் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குமரேசன் அம்மாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான். ஒரு குடும்பம் என் பென்டிரைவை நம்பி நிற்பதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

முறைப்படி எல்லாம் செய்தேன். துடைத்தேன், திரைச்சீலையை இழுத்தேன், நிறங்களைக் காட்டினேன், சாம்பலில் முன் படம் எடுத்தேன். ஓய்வு கொடுத்தேன். சுமதி சுட்ட வடையைத் தவுக்கே அதற்குள் முடித்திருந்தார். மறுபடி பார்த்தால் ஆறுமுகம் அசையவில்லை.

அடுத்து தவுக்கே எதிர்ப்படம் போடச் சொன்னார். களைத்த புள்ளிகளை விட்டுவிட்டுக் களைக்காத புள்ளிகளுக்கு வேலை கொடுத்தால் எல்லாம் சமமாகும் என்பது கணக்கு. குமரேசனிடம் அந்தப் படத்தை வாங்கி, நிறங்களைத் தலைகீழாக்கித் திரையில் போட்டேன். ஆறுமுகம் நீல முகத்தோடு, கறுப்புப் பல்லோடு, ஆளுயரத்துக்கு வந்து நின்றார். அடுத்த தட்டு வடையோடு வந்த சுமதி தட்டைப் போட்டுவிட்டாள்.

"அப்பா எக்ஸ்ரேல இருக்காரு" என்றான் குமரேசன், மெதுவாக.

பாக்கியம் அக்கா மட்டும் கலங்கவில்லை. "சாமி மாதிரி இருக்காரு" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"இது எவ்வளவு நேரம்க்கா ஓடணும்?" என்று சுமதி கேட்டாள்.

"பதிஞ்சது எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு" என்றேன்.

"இன்னொரு பதினாறு நாளா?"

அந்த வைத்தியம் அங்கேயே நின்றது. தவுக்கே தரையில் கிடந்த வடையைப் பொறுக்கி ஊதிக்கொண்டே கடைசி வழியைச் சொன்னார். இந்த டிவிகளுக்குத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் பழக்கம் உண்டு. ரிமோட்டில் அணைத்த பிறகு, சுவர் மின்சாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், ஆள் இல்லாத நேரத்தில் உள்ளே ஒவ்வொரு புள்ளியையும் சோதித்து, மங்கியதைத் தூக்கிச் சமப்படுத்திக்கொள்ளும். அதற்கு நாம் எதுவும் செய்ய வேண்டாம், தொடாமல் இருந்தால் போதும். "ராத்திரி அவரு தூங்கட்டும். தூங்குனா களைப்பு போயிரும்" என்றார். நானும் தினமும் ரிமோட்டில் மட்டும் அணைக்கும்படி எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்துச் சுமதி போன் செய்தாள். மாமா அப்படியே இருக்கிறார் என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். பேக் எடுத்து வைத்துவிட்டதாகவும் சொன்னாள். அந்த வகை டிவி இவ்வளவு நாள் தூங்கியும் துளிகூட மாறாமல் இருப்பது நடக்காத காரியம். நான் தனியாகக் காடியை எடுத்துக்கொண்டு காலையிலேயே போனேன்.

டிவி அணைந்திருந்தது. நான் தவுக்கே பாணியில் முதுகில் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. ராத்திரி முழுக்க உள்ளே வேலை செய்த டிவி கொஞ்சமாவது வெதுவெதுப்பாக இருக்கும், அல்லது சிவப்புப் பொட்டு விளக்காவது எரியும். ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்தால் பிளக் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டு, வயர் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

"அத்தைதான் தெனமும் புடுங்கி வைப்பாங்க. இடி மின்னலுக்குப் பயம்" என்றாள் சுமதி.

அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் மின்னல் வெட்டினால் வீட்டில் உள்ள எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவார்கள். எங்கள் கடையே பாதி நாள் மின்னலால்தான் பிழைத்தது. ஆனால் அது வறட்சியில் காடு எரிந்து வரும் புகைமூட்டக் காலம். ஒரு மாதமாக மழையே இல்லை. மின்னலைப் பார்த்தே எல்லாருக்கும் மறந்துவிட்டது. நான் சுமதியிடம் காப்பி கேட்டுவிட்டு, பாக்கியம் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னாக்கா, எங்க இடி இடிச்சுச்சு?"

அவர் அடுப்படியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"ஒரு நாளு பிளக்கப் புடுங்க மறந்து தூங்கிட்டேன் ஸ்டெல்லா. காலையில போட்டுப் பாத்தா ஒரு பொட்டு மங்கலா இருந்தாரு, எனக்கு மட்டும் தெரிஞ்சுச்சு. சட்டை ஓரம் வெளுத்துருந்துச்சு. ஒடனே பிளக்கப் புடுங்கிட்டேன். அதுலேர்ந்து விடுறதில்ல."

பெரிய கருவி எதுவும் இல்லாமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல், அந்த டிவி எப்படிக் குணமாகும் என்பதைக் கண்டுபிடித்து, குணமாகாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை.

"அக்கா, அது அண்ணன் இல்லக்கா. களைச்சுப்போன புள்ளி."

"தெரியும். எனக்கு என்னா பைத்தியமா?" என்றார் வெடுக்கென்று. பிறகு தணிந்த குரலில் சொன்னார். "கடைசி மூணு மாசமா அவரு சீக்காளி. அந்த மொகந்தான் கண்ணுல நிக்குது. தாலி கட்டுனப்ப இருந்த மொகம் மறந்தே போச்சு, படமும் இல்ல. இதுல அந்த மீசையோட வந்துட்டாரு. இவ்வளவு கலரா மட்டும் அவரு எப்பவும் இருந்ததில்ல."

அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. நான் அழுதால் என் கண்ணாடி மூடிக்கொள்ளும், ஒன்றும் தெரியாது. துடைத்துப் போட்டுக்கொண்டபோது கையில் கைப்பேசி இருந்தது. அதில் முன் படம் இருந்தது.

தவுக்கே முறையாக எடுக்கச் சொன்ன படம். இருட்டு அறை, நேர் எதிர், வெற்றுச் சாம்பல். செய்தி வாசிப்பவர் இல்லை, அமைச்சர் இல்லை, பால் குடிக்கும் குழந்தை இல்லை. ஆறுமுகம் மட்டும் கறுப்பு முடியும் முறுக்கு மீசையுமாக நின்றார். பாக்கியம் அக்காவிடம் நீட்டினேன். அவர் கைப்பேசியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சுமதி காப்பி கொண்டுவந்து வைத்தது, ஆறியது, மறுபடி சூடாக்கி வந்தது எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

படத்தைக் கடைக்குக் கொண்டுபோய்த் தவுக்கேவிடம் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் தானே ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போனார். மங்கலைக் கொஞ்சம் தூக்கி, நெற்றிக் கோட்டை மட்டும் மெலிதாக்கித் தரச் சொல்லியிருக்கிறார். "மருமவ பயப்படுது லா" என்று ஸ்டுடியோக்காரரிடம் காரணமும் சொன்னாராம். நல்ல தேக்குச் சட்டம் போட்டு வந்தது. டிவிக்கு மேலே சுவரில் மாட்டினோம்.

பாக்கியம் அக்கா கீழே நின்று நெடுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து, சுருட்டி வைத்த வயரைப் பிரித்து, பிளக்கைத் தானே சுவரில் செருகினார். சுவிட்சைத் தட்டியதும் டிவியின் அடியில் சிவப்புப் பொட்டு எரிந்தது. சுமதி உள்ளே போனாள், பேக்கின் ஜிப்பைத் திறக்கும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு ஆறுமுகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பினார். முதலில் சட்டை போனது, பிறகு முடி போனது. மீசைதான் கடைசிவரை அடம் பிடித்தது. சீரியல் கதாநாயகிக்குக் கல்யாணம் ஆகும் வாரத்தில் அதுவும் போய்விட்டது என்று சுமதி போன் செய்து சொன்னாள். எங்கேயிருந்து பேசுகிறாய் என்று கேட்டேன். சோபாவிலிருந்து என்றாள்.

பதிந்ததெல்லாம் இப்படிப் போய்விடும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த டிவிக்கு வயது குறைவு, அதனால் தப்பித்தது. பிளக் போட்டு வையுங்கள் என்று மட்டும் வாடிக்கையாளர்களிடம் சொல்லுங்கள். பிடுங்கியிருந்தால் யார் பிடுங்கினார்கள் என்று கேளுங்கள்.

ஆறுமுகத்தின் முதல் வருஷத் திதிக்கு என்னையும் தவுக்கேவையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் தேவாலயத்துக்குப் போய்விட்டு நேராக வந்தேன். தவுக்கே எனக்கு முன்பே வந்து இலையில் உட்கார்ந்திருந்தார். சுவரில் இருந்த படத்தை எல்லாரும் புகழ்ந்தார்கள். அதில் ஒரு சின்ன விஷயம் மட்டும் எங்கள் யார் கண்ணிலும் அதுவரை படவில்லை. சுமதி மாதக்கணக்கில் சீரியல் பார்த்த சேனலின் சின்னமும் திரையின் மூலையில் லேசாகப் பதிந்திருந்தது. ஸ்டுடியோவில் மங்கலைத் தூக்கியபோது அதுவும் கூடவே எழும்பி, ஆறுமுகத்தின் வலது தோளுக்கு மேலே பளிச்சென்று நின்றது.

சித்தியவானிலிருந்து வந்திருந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். படத்தின் கீழே நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஏம்மா பாக்கியம், மச்சான் டிவிலயெல்லாம் வந்திருக்காரா? எங்க யாருக்கும் சொல்லவே இல்லயே" என்றார்.

குமரேசனுக்குக் குழம்பு புரையேறியது. சுமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாக்கியம் அக்கா பாயசத்தை எனக்கு ஊற்றிக்கொண்டிருந்தார், கை நிற்கவில்லை.

"வந்தாருண்ணே. கொஞ்ச நாளு தெனமும் வந்தாரு" என்றார். "அப்புறம் நாந்தான் போதும்னுட்டேன்."